கவுண்டிச் சுகாதார நிலையம் வந்த வரலாறு

கோயில் மடைப்பள்ளியைப் பரிசோதிக்க வரும் உத்தியோகத்தரும், மரணத்தைப் பதிந்து தகனத்துக்கு அனுமதி தருபவரும் அமெரிக்காவின் பல இடங்களில் ஒரே காரியாலயத்தைச் சேர்ந்தவர்கள். அதுவே கவுண்டிச் சுகாதார நிலையம். தமிழ்க் குடும்பங்களில் அநேகம் இவ்விரு காரியங்களுக்கு மட்டுமே அதனை அறியும். தடுப்பூசி, கர்ப்பிணிப் பராமரிப்பு, குழந்தைப் போஷாக்கு என்று அங்கு நடைபெறும் மற்றவையெல்லாம் வசதியற்றோருக்கான தருமம் என்பதே பொதுவான எண்ணம். ஊரிலே தர்மாஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்ற ஞாபகம் இலகுவில் மறைவதில்லை. ஆனால் இந்நிலையங்கள் தோன்றிய வரலாறு வேறு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய நகரங்களுக்குச் சுகாதாரப் பகுதிகள் இருந்தன. நாட்டுப்புறத்தில் பெயரளவில் ஒரு சபையும், ஓய்வு கிடைத்தபோது பணி பார்க்கும் ஒரு வைத்தியரும் இருந்தால் அதிகம். 1908இல் கென்டக்கியின் ஜெபர்சன் கவுண்டியும், 1911இல் வட கரோலைனாவின் கில்போர்ட் கவுண்டியும், அதே ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா கவுண்டியும் முழுநேரச் சுகாதார சேவையை அமைத்தன. முதலிடம் யாருக்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. யாக்கிமா பழத்தோட்டங்களால் செழித்த பள்ளத்தாக்கு. அங்கே நெருப்புக் காய்ச்சல் ஆண்டுதோறும் உயிர்களைக் கொண்டுபோயிற்று. மத்திய அரசின் சுகாதார சேவையிலிருந்து டாக்டர் லெஸ்லி லம்ஸ்டன் வந்து ஆராய்ந்தார். திறந்த மலகூடங்களும், ஈக்களும், அசுத்த நீருமே காரணம் என்று கண்டார். இவற்றைக் கவனிப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவர் வேண்டும் என்றார். கவுண்டி அதனை ஏற்றது. காய்ச்சலும் விரைவில் தணிந்தது.

தென் மாநிலங்களின் கதை இன்னும் சுவையானது. அங்குள்ள ஏழை விவசாயிகளைச் சோம்பேறிகள் என்று ஊரார் இகழ்ந்தனர். 1902இல் டாக்டர் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ், அது சோம்பல் அன்று, கொழுக்கிப் புழு உறிஞ்சிய இரத்தத்தின் குறைவு என்று காட்டினார். பத்திரிகைகள் சோம்பல் கிருமி கண்டுபிடித்தாயிற்று என்று கேலி செய்தன. 1909இல் றொக்பெல்லர் பத்து இலட்சம் டொலர் கொடுத்தார். அதனை நடத்திய விக்லிப் றோஸ் வைத்தியர் அல்லர், கல்வியாளர். வைத்தியர்களைவிட நன்றாகவே யோசித்தார். பணத்தை அள்ளி வீசாமல், ஒவ்வொரு கவுண்டியும் மருந்துச் சாலைக்குத் தன் வரிப்பணத்திலிருந்தும் ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தார். சனங்கள் திருவிழாவுக்கு வருவதுபோல வண்டி கட்டி வந்தனர். பூதக்கண்ணாடியில் புழு முட்டைகளைத் தம் கண்ணாலேயே பார்த்தனர். பரிசோதித்த பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேரிடம் புழு இருந்தது. 1914இல் அத்திட்டம் முடியும்போது ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் மருந்து பெற்றிருந்தனர். அந்த மருந்து தைமோல், அதாவது ஓம உப்பு. அக்காலத்தில் அதனை எடுப்பதற்கான ஓமம் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. பாட்டிமார் பிள்ளைகளுக்கு ஓமத் தண்ணீர் கொடுத்ததை இங்கே நினைவுகூரலாம். ஆனால் தைமோலின் அளவு வேறு, ஆபத்தும் வேறு.

புழு முற்றாக ஒழியவில்லை. ஒழிக்க நிரந்தர அலுவலர் வேண்டும் என்ற அறிவு மட்டும் கவுண்டிகளில் தங்கியது. அதிலிருந்தே நிலையங்கள் பெருகின.

இம்முறை இலங்கைக்கும் சென்றது. தமிழகத்திலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் வெறுங்காலோடு உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே இதே புழு மலிந்திருந்தது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் இயக்கம் அங்கு தொடங்கியது. அதற்குப் பின்னர் பொறுப்பேற்ற டாக்டர் ஜேகொக்ஸ், வட கரோலைனாவில் கவுண்டி கவுண்டியாக இதே வேலையைச் செய்தவர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமெரிக்கக் கவுண்டி முறையைத் தழுவி அமைந்தது. வைத்திய அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர், தாதி, மருத்துவமாது ஆகியோர் ஒரே எல்லைக்குள் பணி செய்தனர். வீடு தேடி வந்து குழந்தையை நிறுத்துப் பார்க்கும் குடும்ப நல மாதுவை அறியாத இலங்கைத் தாய் இல்லை. அவளைத் தருமம் செய்பவள் என்று எவரும் எண்ணியதுமில்லை.

அமெரிக்காவில் தாய் சேய் நலப் பணி 1921இல் ஷெப்பர்ட்-டவுனர் சட்டத்தால் வலுப்பெற்றது. ஏறத்தாழ மூவாயிரம் நிலையங்கள் எழுந்தன. அதனைக் கடுமையாக எதிர்த்தது அமெரிக்க வைத்தியர் சங்கம்! அரசு வைத்தியம் என்று கூக்குரலிட்டது. குழந்தை வைத்தியர் பிரிவு சட்டத்தை ஆதரித்தபோது அதனைக் கண்டித்தது. அந்த மனத்தாங்கலின் பலனாகவே 1930இல் குழந்தை வைத்தியர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். இதற்கிடையில் 1929இல் நிதி நின்றுபோயிற்று. வைத்தியத் தொழிலுக்குப் பெருமை தரும் அத்தியாயம் அன்று அது. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அப்பணியை மீண்டும் தொடக்கியது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உணவு வழங்கும் 'விக்' திட்டம் 1970களில் சேர்ந்தது.

1989 முதல் 1991 வரை சின்னமுத்து திரும்பி வந்தது. ஏறத்தாழ 55,000 பேர் பீடிக்கப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தடுப்பூசி 1963 முதல் கைவசம் இருந்தும், போடப்படாத சிறு குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டனர். அதன் விளைவாக, காப்புறுதியற்ற பிள்ளைகளுக்கு ஊசிமருந்தை அரசே வாங்கிக் கொடுக்கும் திட்டம் 1994இல் நடைமுறைக்கு வந்தது. வேலை மாறும் இடைவெளியில் காப்புறுதி இழந்த குடும்பத்தின் பிள்ளைக்கும் அது பொருந்தும். காப்புறுதி வரட்டும் என்று ஊசியைத் தள்ளிவைக்கும் பெற்றோர் இதனை அறிந்திருப்பது நல்லது.

தமிழர் வீடுகளில் மறைத்து வைக்கப்படும் நோய் ஒன்று உண்டு: கசம். பெண்ணின் கலியாணம் தடைப்படும் என்ற பயம் கடல் கடந்தும் வந்திருக்கிறது. முன்பு பல கவுண்டிகள் இதற்கெனத் தனி வைத்தியசாலைகளை நடத்தின. நோயாளர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அங்கே தங்கினர். 1952இல் ஐசோனயசிட் மாத்திரை வந்தபின் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை சுகாதார நிலையத்தின் நெஞ்சு நோய்ப் பகுதிக்கு மாறியது. மாத்திரை விழுங்குவதைத் தாதி நேரில் பார்த்து உறுதி செய்கிறாள், வீட்டாரையும் பரிசோதிக்கிறார்கள். நோயாளியின் பெயரை அயலாரிடம் வெளியிடச் சட்டம் இடந்தருவதில்லை.