சுமை ஏறிய வழிகள்: கொடைக்கானல் மலைப்பாதைகள்

பழனி மலைத்தொடரின் தென் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் கொடைக்கானலுக்கு, அது ஊராகத் தலையெடுத்து எழுபது ஆண்டுகள் ஆகும்வரை வண்டிச்சாலை கிடையாது. வீடு கட்டத் தேவையான இரும்பும் கண்ணாடியும், அடுப்புக்குப் போன அரிசியும், வெயிலுக்கு அஞ்சி மலையேறிய அதிகாரிகளின் குடும்பங்களும் மனிதத் தோளிலும் தலையிலும் குதிரை முதுகிலுமே மேலே வந்து சேர்ந்தன. இன்று மலைநடைக்காரர்கள் தேடிப் போகும் ஒற்றையடிப் பாதைகளில் பல, அந்தச் சுமைகள் ஏறி இறங்கித் தேய்ந்த வழிகள்தாம்.

ஊருக்கு முன்பே வழிகள் இருந்தன. கீழ்மலையில் தாண்டிக்குடி, பெருமாள்மலை, பேத்துப்பாறை, மாச்சூர் போன்ற இடங்களில் பாறைப் பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பெருங்கற்காலக் கல்திட்டைகள் காணப்படுகின்றன. செண்பகனூர் இயேசு சபைத் துறவிகளான ஆங்லேடும் நியூட்டனும் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பிற்கால அகழாய்வில் தாண்டிக்குடி ஈமக்குழிகளிலிருந்து சூதுபவள மணிகள் கிடைத்தன. மலையில் விளையாத அந்த மணி மேலே வந்திருக்கிறது என்றால், மிளகும் ஏலமும் கீழே இறங்கிய வழி ஒன்று இருந்திருக்க வேண்டும். மேற்கே மன்னவனூர், கவுஞ்சி தாண்டி அஞ்சுநாட்டின் காந்தளூர், மறையூர்ப் பக்கம் போனாலும் அதே வகைக் கல்திட்டைகள் நிற்கின்றன. காட்டின் இண்டு இடுக்கெல்லாம் அறிந்தவர்கள் பளியர்கள்; தேனும் கிழங்கும் தேடி அவர்கள் நடந்த தடங்கள் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. சில நூற்றாண்டுகளுக்கு முன் கோவைச் சமவெளியிலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் குன்னுவர்கள் மேல்மலையில் உழுது பயிரிட்டனர். அவர்களது ஊர்களையும் அடிவாரச் சந்தைகளையும் பழனிக் கோயிலையும் இணைத்த பாதைகளே பின்னர் வந்த எல்லாப் பாதைகளுக்கும் அடிப்படை.

ஆங்கிலேயரின் எழுத்துப் பதிவு 1821இல் தொடங்குகிறது. நில அளவைக்கு வந்த லெப்டினன்ட் வார்டு, குன்னுவர் ஊரான வெள்ளக்கவியில் முகாமிட்டு அங்கிருந்து மேலே ஏறினார். இதை அவர் 'கண்டுபிடித்த' வழி என்று எழுதுவது வழக்கம். ஊர்க்காரர்கள் நாள்தோறும் நடந்த வழியில்தான் அவரும் நடந்தார் என்பதே சரி. 1834இல் மதுரை அதிகாரிகள் சிலர் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறி, அடுக்கம் கணவாயின் உச்சியில், செண்பகனூரை ஒட்டி ஒரு பங்களா கட்டினர். 1836இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்து செடிகொடிகளைப் பதிவு செய்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிறுமலையில் ஓய்விடம் அமைத்துப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் கொடைக்கானலில் அவர்கள் கட்டிய இரண்டு வீடுகளிலிருந்து இன்றைய ஊர் வளர்ந்தது.

அந்த ஊருக்கான பயணம் எளிதாக இல்லை. 1875இல் தென்னிந்திய ரயில்பாதை வந்தபின் அம்மையநாயக்கனூரில் இறங்கலாம். கொடைக்கானல் ரோடு என்ற பெயர் அந்த நிலையத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் நிலையத்திலிருந்து மலையடிவாரமே முப்பது மைலுக்கு மேல். மாட்டுவண்டியில் பெரியகுளம் கடந்து கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைய வேண்டும். உண்மையான ஏற்றம் அங்கேதான் தொடங்கும்: ஏறக்குறைய 12 மைல் குதிரைப்பாதை, 1,800 மீட்டர் உயரம். வசதியுள்ளவர்கள் குதிரையில் போனார்கள். பெண்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும், கழிகளில் கட்டிய நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தோள்மாற்றித் தோள்மாற்றித் தூக்கிச் சென்றனர். பெட்டி, படுக்கை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் தலைச்சுமை. அடிவாரத்துப் புதர்க்காட்டில் வெயிலும் கொசுக்காய்ச்சலும்; நடு மலையில் கண் மறைக்கும் மூங்கிலும் வழுக்குப் பாறையும்; செண்பகனூரை நெருங்கும்போது முகத்தில் அடிக்கும் குளிர்மூடுபனி. ஒரே நாளில் மூன்று பருவங்களைக் கடந்து ஏறிய சுமைகாரருக்கு மேலே தங்க பங்களா இல்லை. ஏறிய பாதையிலேயே அவர் மறுபடி இறங்க வேண்டும். கொடைக்கானலின் வரலாற்றை எழுதியவர்கள் வீடு கட்டியவர்களின் பெயர்களைத் தவறாமல் குறித்தார்கள். அந்த வீடுகளைத் துண்டு துண்டாகத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் பெயரும் மிஞ்சவில்லை.

ஊர் நிலைத்த பிறகுதான் சுமைக்காக அல்லாமல், நடப்பதற்காகவே பாதைகள் உருவாயின. மதுரை ஆட்சியர் வியர் லெவிஞ்ச் 1863இல் ஓடையைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். ஏரியைச் சுற்றிய வழி மாலை உலாவுக்கு ஆனது. 1872இல் லெப்டினன்ட் கோக்கர் தென்கிழக்குச் செங்குத்துச் சரிவின் விளிம்பில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைவழி வெட்டினார். அது எந்த ஊருக்கும் போகவில்லை, எந்தச் சரக்கும் அதில் ஏறவில்லை. காட்சி ஒன்றே அதன் பயன். கோக்கர்ஸ் வாக்கில் நின்று கீழே பார்த்தால் பெரியகுளம் சமவெளியும் அதை நோக்கிச் சரியும் மலைமடிப்புகளும் தெரியும். சுமைகாரர்கள் ஏறி வந்த சரிவுகள் அவை. தூண் பாறைகள், டால்பின் மூக்கு, கரடிச்சோலை, பாம்பார் என நடைக்குரிய இடங்கள் இதே போக்கில் பெருகின.

பழைய ஏற்றத்தின் உயிரை எடுத்தது வத்தலக்குண்டிலிருந்து வந்த மோட்டார் சாலை. மேஜர் லா என்பவர் பெயரால் அழைக்கப்பட்ட அந்த மலைச்சாலை 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கி, பணமில்லாமல் பாதியில் நின்று, 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் முடிந்தது. பெருமாள்மலை வழியாக மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கியதும் தோப்பு வழி ஓய்ந்தது.

மேற்கு வழிகளின் கதை வேறு. 1860களின் தொடக்கத்தில் டக்ளஸ் ஹாமில்டன் என்ற படை அதிகாரி மேல்மலையைச் சுற்றி வந்து வரைந்தார். பேரிஜம் பள்ளத்தாக்கில் பழங்கால ஏரி ஒன்றின் தடயத்தைக் கண்டார். பின்னர் அங்கே அணை கட்டித் தேக்கிய நீர் இன்றும் பெரியகுளத்துக்குக் குடிநீர். பேரிஜத்தைத் தாண்டி வந்தரவு வழியாக மூணாறு பக்கம் போகும் தடத்துக்கு 'தப்பிக்கும் சாலை' என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை கிழக்குக் கரையில் இறங்கினால் மலை வழியே கொச்சிக்குப் போய்விடலாம் என்ற கணக்கு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அப்படித் தப்பிக்க வேண்டிய நாள் வரவில்லை. சாலை பின்னாளில் மூடப்பட்டுக் காடாகிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தடம் சென்று சேரும் டாப் ஸ்டேஷனின் பெயரும் சுமையிலிருந்து வந்ததே. மூணாறு தேயிலையை 1902இல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளமும், 1908 முதல் குறுகிய ரயிலும் அங்கே கொண்டுவந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறங்கிய பெட்டிகள் போடிநாயக்கனூருக்குப் போயின. 1924 வெள்ளம் ரயிலை அடித்துப் போனது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை மட்டும் நடைக்காரர்களுக்கு மிஞ்சியது.

பாதைகளின் தோற்றத்தையே மாற்றியது மரநடவு. மேல்மலையின் பழைய நிலம் புல்வெளியும் சோலையும் கலந்தது: முகடுகளில் புல், ஓடை பாயும் மடிப்புகளில் அடர்ந்த சோலை. பழைய தடங்கள் முகட்டுப் புல்லிலேயே போயின. திசை தெரியும், கால் நனையாது, காட்டுமாடு தொலைவிலேயே கண்ணில் படும். ஓடையைக் கடக்கும் இடத்தில் மட்டும் சோலைக்குள் நுழைந்தால் போதும். விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும், ஆலைக் கூழுக்காகத் தைலமரமும், பைன் மரமும் அந்தப் புல்வெளிகளில் நடப்பட்டன. சீகை வேலியில்லாமல் பரவியது. குறிஞ்சி பூத்த சரிவுகள் இருண்டன, முகட்டு வழிகள் மரத்தடியில் புதைந்தன. மலைநடைக்கு வருபவர்கள் பைன் காட்டை இயற்கையின் அழகு என்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அது ஒரு புல்வெளி இழந்த இடம்.

2013இல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் காடு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீ சூழ்ந்து மலையேறிகள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, தமிழக அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. காய்ந்த புல்லில் தீ காற்றோடு மேல்நோக்கி ஓடும் வேகத்தை ஊர்க்காரர்கள் அறிவார்கள். கோடையில் காட்டுப் பாதைகளை மூடுவதன் காரணம் அதுவே. 2024இல் அரசு தொடங்கிய திட்டத்தில் மாநிலம் முழுதும் 40 பாதைகள் தேர்வாகி, பழங்குடியினரும் உள்ளூர் இளைஞர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர்.

வார்டு தங்கிய வெள்ளக்கவி, கொடைக்கானலுக்குச் சாலை வந்த பின்னும் பல தலைமுறை சாலையில்லாமலே வாழ்ந்தது. வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்கைத் தாண்டி இறங்கினால் ஊர். இன்னும் இறங்கினால் கும்பக்கரை அருவி. கோயில்கள் நிறைந்த அந்த ஊருக்குள் செருப்பு போடும் வழக்கமில்லை. எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும், வருகிறவரும் அப்படியே. காப்பிக்கொட்டையும் பழமும் குதிரை முதுகில் ஏறி இறங்குகின்றன, பிரசவ வலி கண்டவரைத் தோளில் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தப் பாதையில் எதிரே சுமைக்குதிரை வந்தால், முதுகுப்பையோடு நடப்பவர் மலைப்பக்கம் ஒதுங்கி நின்று அதை முதலில் போகவிடுகிறார்.