சாலைக்கிணறும் முகாம் வகுப்பும்: போரால் இடம்பெயர்ந்த மாணவர் கல்வியில் குடும்பத்தின் இடம்

காஞ்சிபுரத்தின் தென்புறம், பாலாற்றை அடுத்த செவிலிமேட்டில் சாலைக்கிணறு இருக்கிறது. உயிருக்கு அஞ்சி ஓடிவந்த ஒரு மாணவனோடு தொடர்புடைய கிணறு அது. ஆசிரியர் யாதவப்பிரகாசருடன் காசிக்குப் புறப்பட்ட இளம் இராமாநுசர், தம்மைக் கொல்லச் சதி நடப்பதை அறிந்து விந்தியக் காட்டில் கூட்டத்தைப் பிரிந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. வேடுவக் கணவனும் மனைவியும் அவருக்கு வழித்துணையாக வந்து இங்கே கொண்டுசேர்த்தார்கள். பிறகு வேடுவப் பெண் தாகம் என்று அவரிடமே தண்ணீர் கேட்டாள். அவரும் மொண்டு கொடுத்தார். வரலாற்றுச் சான்றாக அன்றி, ஓர் ஊர் வழிவழியாகப் பேணிவரும் நினைவாகவே இதைக் கொள்கிறேன். அடைக்கலம் பெற்றவன் கையாலேயே தண்ணீர் வாங்கிக் குடிக்கும் அந்த இடம்தான் என் வாதத்துக்குத் தொடக்கம்.

போரில் சிதறிய சமூகங்களின் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் முயற்சிகளைப் பெரும்பாலும் கட்டிய பள்ளி, கொடுத்த புத்தகம், வழங்கிய உதவித்தொகை ஆகியவற்றைக் கொண்டே அளக்கிறோம். இந்த அளவுகோல் போதாது. இடம்பெயர்ந்த குடும்பமே கல்விப் பணியைத் தன் கையில் எடுத்துக்கொண்ட இடத்தில்தான் அது நிலைத்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்கள் வலுவான சான்று.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கிய வருகை நான்கு கட்டங்களாக நிகழ்ந்தது. அரசின் கணக்கில் 1987 இறுதிவரை 1,34,053 பேர். 1989 முதல் 1991 வரை 1,22,078 பேர். பிந்தைய இரு கட்டங்களையும் சேர்த்தால் மொத்தம் 3,04,269 பேர். மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரம் பகுதியில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்ட குடும்பங்களில் பலவற்றின் கையில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோ மாற்றுச் சான்றிதழோ இல்லை. எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதே முதல் சிக்கல். மொழி மட்டும் கைகொடுத்தது. தமிழ்வழி அரசுப் பள்ளியும் அதன் சத்துணவும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன.

1984இல் எஸ்.சி. சந்திரகாசன் முன்னின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், சுருக்கமாக ஒஃபர், ஏதிலியர் தாமே நடத்திய அமைப்பு. முகாமின் படித்த இளைஞர்களே மாலை வகுப்பு எடுத்தார்கள். தாய்மார் குழுக்கள் சேமிப்பையும் குழந்தைகளின் ஊட்டத்தையும் கவனித்தன. பிறப்புப் பதிவு, இலங்கைக் குடியுரிமை ஆவணங்களுக்கான அலைச்சலையும் கழகம் சேர்த்தே சுமந்தது. ஊர் திரும்பினால் பிள்ளையின் படிப்பு செல்லுபடியாக வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணியது என்னை மிகவும் கவர்கிறது. பத்துக்குப் பத்து அடி அளவிலான ஓர் அறைக்குள் ஒரு குடும்பமே வாழும்போது, பிள்ளைக்குப் படிக்க ஒரு மூலை ஒதுக்குவதைக்கூட அந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும்.

குடும்பத்தை விட்டுவிட்டு மாணவனை மட்டும் மீட்க முடியாது என்பதை அறியக் காஞ்சிபுரத்துக்கு முகாம்வரை போக வேண்டியதில்லை. கோர்வைப் புடவையில் உடலையும் கரையையும் இணைக்க, தறியில் நெசவாளரின் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணம் அவர்களைத் தறியோடு கட்டிவைத்தது. காஞ்சிபுரத்தின் இந்த நிலையை மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது. கடன் அடைபடாமல் பிள்ளையை மட்டும் பள்ளியில் சேர்த்தால், அடுத்த முன்பணம் அவனை மறுபடி தறிக்கே இழுத்துவிடும். அங்கே போர் செய்ததை இங்கே கடன் செய்தது. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் இரண்டிலும் பிள்ளை எங்கே உட்காருவது என்பதை வீட்டின் நெருக்கடியே தீர்மானித்தது.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். இராமாநுசர் பிறந்த ஊர் அது, செவிலிமேட்டிலிருந்து வெகுதொலைவில்லை. யாரோ செய்த கொலையின் பழி, அதில் எந்தப் பங்கும் இல்லாத முகாம் பிள்ளைகள்மேல் விழுந்தது. தன்னார்வ அமைப்புகள் முகாம்களுக்குள் செல்லத் தடை வந்தது. உயர்கல்விச் சேர்க்கையில் இருந்த சலுகை நின்றது. தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பிறகே கதவுகள் மெல்லத் திறந்தன. வெளியார் உதவியை மட்டுமே நம்பிய ஏற்பாடாக இருந்திருந்தால், அந்த ஆண்டுகளோடு முகாம் கல்வி அறுந்துபோயிருக்கும். ஆசிரியர் முகாமுக்குள்ளேயே குடியிருந்தவர் என்பதால் அப்படி அறுந்துபோகவில்லை என்பது என் கணிப்பு.

ஆப்பிரிக்க அனுபவமும் இதை ஒட்டியே செல்கிறது. சூடான் போரில் பெற்றோரைப் பிரிந்து நடந்தே வந்த சிறுவர்களை ஒட்டி 1992இல் கென்யாவில் உருவானது ககூமா முகாம். அங்கும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஏதிலியரே. ஆனால் பல மொழிகளைப் பேசும் பிள்ளைகள் கென்யப் பாடத்திட்டத்தை ஆங்கிலத்திலும் சுவாகிலியிலும் கற்க வேண்டியிருந்தது. ஏதிலி ஆசிரியருக்கு முறையான சம்பளத்துக்குப் பதில் சிறு ஊக்கத்தொகையே கிடைத்தது. உகாண்டாவோ 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஏதிலியருக்கு வேலை செய்யும் உரிமையை ஏற்றது. ஏதிலியர் கல்வியின் மதிப்பைப் பள்ளிக்கு வெளியே உள்ள சட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதற்கு இந்த இரு அண்டை நாடுகளே போதும்.

நம் குறையும் இங்கேதான் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆகவே இன்று முகாமிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளை, தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்திருந்தும், சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் அயலாரே. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, 7,469 புதிய வீடுகளையும் மாணவர்க்கான கூடுதல் உதவியையும் அதில் சேர்த்தது. முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்ற பெயரும் வந்தது. வீட்டையும் படிப்பையும் ஒன்றாகப் பார்த்த அந்த அணுகுமுறை சரியானது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. சிறை அச்சம் அதனால் குறைந்தது, குடியுரிமை கிடைத்துவிடவில்லை. மாலை வகுப்பில் படித்துப் பட்டம் பெற்று, அதே வகுப்புக்கு ஆசிரியராகத் திரும்பியவரும், வேலை விண்ணப்பத்தில் நாட்டினம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்த வேண்டியிருக்கிறது.