கல்வெட்டு முதல் இணையம் வரை - இறந்தவர் பற்றிய எழுத்தைக் காப்பது எப்படி?

உப்பளங்களுக்குப் பெயர் போன மரக்காணத்தில் பூமீஸ்வரர் கோயில் இருக்கிறது. அதன் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அந்தக் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில் ஒரு காப்பு வாசகம் வரும். இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல், இதை அழிப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது போல இருக்கும். இதை ஓம்படைக்கிளவி என்பார்கள். அன்றைய பயம், யாராவது எழுத்தை அழித்து விடுவார்களோ என்பதுதான்.

ஈழத் தமிழரிடம் இன்னொரு 'கல்வெட்டு' உண்டு. ஒருவர் இறந்த 31ஆம் நாள் வெளியிடும் நினைவு மலருக்கு அந்தப் பெயர். வாழ்க்கை வரலாறும், இறந்த திதியைச் சொல்லும் வெண்பாவும் அதில் இருக்கும். வீட்டுக்கு வந்த சொந்த பந்தங்களிடம் மட்டுமே அது போகும். அதனால் திருட்டு பயம் இல்லை.

1983க்குப் பிறகு அந்தச் சொந்தங்கள் கனடா, லண்டன், பாரீஸ் என்று சிதறினார்கள். பின்னாளில் மரண அறிவித்தலும் இணையத்துக்கு வந்தது. இங்கே பயம் தலைகீழாக மாறியது. இப்போது யாரும் எழுத்தை அழிப்பதில்லை. நகல் எடுக்கிறார்கள்!

இதற்குப் பெரிய உதாரணம் கனடாவில் நடந்தது. ஆஃப்டர்லைஃப் என்ற நிறுவனம், இறுதிச் சடங்கு நிலையங்களும் பத்திரிகைகளும் வெளியிட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இரங்கல் குறிப்புகளைப் படத்தோடு தன் தளத்தில் போட்டது. பக்கத்திலேயே பூக்களும், திரையில் மட்டும் எரியும் மெழுகுவர்த்திகளும் விற்பனை. சரக்குக்கு முதலீடு கிடையாது, அடுத்தவர் துக்கம்தான் சரக்கு. குடும்பங்கள் சேர்ந்து வழக்குப் போட்டன. 2019இல் கனடாவின் ஃபெடரல் நீதிமன்றம் இது காப்புரிமை மீறல் என்று சொல்லி, மொத்தம் 2 கோடி கனடிய டாலர் நஷ்டஈடு விதித்தது.

இந்தியாவிலும் 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தின் உரிமை எழுதியவருக்கே. பதிவு செய்யாவிட்டாலும் அது உண்டு. எழுதியவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சட்டம் காப்பது வாசகத்தையும் படத்தையும் மட்டும்தான். பெயர், ஊர், இறந்த தேதி ஆகியவை வெறும் தகவல்கள், அவற்றுக்குக் காப்புரிமை இல்லை. இன்று அந்தத் தகவல்களை எடுத்து, கணினியைக் கொண்டே புதிய வாசகம் எழுதி, விளம்பரம் போட்டுக் காசு பார்க்கிறார்கள். இப்படி மொத்தமாகத் தயாராகும் பக்கங்களுக்கு எதிராக 2024 மார்ச்சில் கூகுள் தன் தேடல் விதிகளைக் கடுமையாக்கியது.

மரண அறிவித்தல் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதப்படுகிறது. அதைப் பூட்டி வைக்க முடியாது. முழுப் பிறந்த தேதியையும் வீட்டு முகவரியையும் குடும்பம் விட்டுவிடலாம். பூவுக்கோ உதவிக்கோ பணம் அனுப்பும் முன், கேட்பது அந்தக் குடும்பம்தானா என்று படிப்பவர் ஒரு ஃபோன் செய்து பார்க்கலாம். அன்று தர்மத்தைக் காக்கும் பொறுப்பைக் கல்வெட்டு பின்னால் வருபவரிடம் ஒப்படைத்தது. இன்று அந்தப் பொறுப்பு படிப்பவரிடம் இருக்கிறது.