இந்தியாவில் தனிநபர் கடன் வரலாறும் சிபில் மதிப்பெண்ணும்

ஒருவர் வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் வாங்கிய கடன்கள், வைத்திருக்கும் கிரெடிட் கார்டுகள், தவணை கட்டிய விதம் ஆகியவற்றைத் தொகுத்துத் தருவது கடன் தகவல் அறிக்கை. அந்த விவரங்களிலிருந்து கணக்கிடப்படும் 300 முதல் 900 வரையிலான எண் கடன் மதிப்பெண். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் உரிமத்துடன் நான்கு நிறுவனங்கள் இதைச் செய்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். முதலில் வந்தது சிபில் என்பதால், எந்த நிறுவனத்தின் மதிப்பெண்ணையும் மக்கள் சிபில் என்றே சொல்கிறார்கள்.

கடன் கேட்பவரின் நம்பகத்தை விசாரிப்பது புதிதல்ல. வட்டிக்கடைக்காரர் ஆளையும் அவர் குடும்பத்தையும் நிலபுலனையும் அறிந்துதான் பணம் கொடுத்தார். நகரத்தாரின் கொடுக்கல் வாங்கல் பர்மா, மலேயா வரை விரிந்தபோதும் சமூகத்துக்குள் இருந்த அறிமுகமே அதற்கு அடித்தளம். சென்னை மாகாண அரசுக்காக பிரெடரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கைகள் ஜெர்மனியின் ரைஃபைசன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டின. ஓர் ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் பெறுவது அந்தச் சங்கங்களின் முறை. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இந்தச் சிந்தனையை ஒட்டி வந்தது. இந்த ஏற்பாடுகளில் கடனாளிக்கு ஒரு வசதி இருந்தது. கடனை அடைத்ததும் புரோநோட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடலாம். அடுத்துக் கடன் கொடுப்பவர் பார்க்கும்படி எழுத்தில் எதுவும் மிஞ்சாது. ஊரின் வாய் மட்டும் சும்மா இருந்திருக்காது.

முன்பின் தெரியாதவரின் கடன் பழக்கத்தைக் காசு கொடுத்து அறியும் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. லூயிஸ் டப்பன் 1841இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் வணிகர்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி விற்றது. 1899இல் அட்லாண்டாவில் தோன்றிய ரீடெய்ல் கிரெடிட் கம்பெனிதான் இன்றைய ஈக்விஃபாக்ஸ். தனிமனிதர்களின் ஒழுக்கம், குடும்ப வாழ்க்கை வரை துருவிய இத்தகைய நிறுவனங்களுக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டம் கடிவாளம் போட்டது. ஃபேர் ஐசக் நிறுவனத்தின் ஃபைகோ மதிப்பெண் 1989இல் வந்தது.

இந்தியாவில் வாராக்கடன் பெருகியிருந்த 1990களின் இறுதியில், ஒரு வங்கியை ஏமாற்றியவர் அடுத்த வங்கியில் புதிய வாடிக்கையாளராக நுழைய முடிந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த சித்திகி தலைமையிலான குழு 1999இல் கடன் தகவல் அமைப்பு ஒன்றைப் பரிந்துரைத்தது. ஸ்டேட் வங்கி, எச்டிஎஃப்சி ஆகியவற்றோடு டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட், டிரான்ஸ்யூனியன் என்ற இரு அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து 2000இல் சிபிலைத் தொடங்கின. ஆனால் வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியிடக் கூடாது என்ற வங்கி ரகசியச் சட்டங்கள் குறுக்கே நின்றன. கடன் ஒப்பந்தத்தில் ஒப்புதல் பெற்றே விவரங்களைப் பகிர வேண்டியிருந்தது. தனிநபர் தகவல் சேவை 2004இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2005இல் இயற்றப்பட்டு 2006 டிசம்பரில் அமலான கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் இந்தத் தடையை நீக்கியது.

சிபில் மதிப்பெண் 2007இல் வங்கிகளின் பயன்பாட்டுக்கு வந்தது. யாரைப் பற்றிய எண்ணோ அவர் அதைப் பார்க்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நான்கு ஆண்டு இடைவெளி ஒன்றைத் தெளிவாக்குகிறது: இந்த ஏற்பாடு கடன் கொடுப்பவருக்காக உருவானது, வாங்குபவரின் உரிமைகள் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டவை.

சம்பளமோ சேமிப்போ சொத்தோ மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில்லை. கடனே வாங்காத பணக்காரருக்கு மதிப்பெண் இல்லாமல் போகலாம். தவணை தவறாத சிற்றூழியருக்கு 800 இருக்கலாம். அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் கடைசி 36 மாதங்களின் நிலை கட்டம் கட்டமாகக் காட்டப்படும். தவணை தாமதமானால் எத்தனை நாள் என்பது அங்கே இருக்கும். கார்டு வரம்பை ஏறக்குறைய முழுவதும் பயன்படுத்துவதும், குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்பதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். தன் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்ப்பதால் குறையாது. கார்டு பாக்கியில் மினிமம் டியூ எனும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுபவருக்குத் தாமதம் பதிவாகாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே போகும்.

பலர் சிக்கிக்கொள்வது இரண்டு இடங்களில். முதலாவது செட்டில்மென்ட். பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடிக்க வங்கி சம்மதித்தால் கடனாளிக்கு நிம்மதி. அறிக்கையிலோ அது முழுதாக அடைத்து முடித்த கணக்காக அல்லாமல் செட்டில்டு என்றே நிற்கும். அடுத்த வங்கி அதைப் பார்த்துத் தயங்கும். பின்னாளில் மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, பதிவைத் திருத்தச் சொல்வதே இதற்கு வழி. இரண்டாவது ஜாமீன் கையெழுத்து. மைத்துனருக்காகவோ நண்பருக்காகவோ போட்ட கையெழுத்து, கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் ஜாமீன்தாரரின் அறிக்கையையும் கெடுக்கும். உறவுக்காகச் செய்ததை மறந்தே போனவர்கள், சொந்த வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போதுதான் அது இன்னும் உயிரோடு இருப்பதை அறிகிறார்கள். கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

ஆந்திராவில் 2010இல் வெடித்த நுண்கடன் நெருக்கடி, ஒரே பெண் பல நிறுவனங்களிடம் கடன்பட்டிருந்ததை ஊரறியச் செய்தது. சிறு கடன்களையும் பதிவுக்குள் கொண்டுவரும் வேகம் கூடியது. எல்லாக் கடன் நிறுவனங்களும் நான்கு தகவல் நிறுவனங்களிலும் உறுப்பினராக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015இல் உத்தரவிட்டது. 2017 முதல் ஒவ்வொரு தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஆக, நான்கிடமும் கேட்டால் ஆண்டுக்கு நான்கு அறிக்கைகள் காசில்லாமல் கிடைக்கும். தவறான பதிவு குறித்த புகார் 30 நாட்களில் தீராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அறிக்கையை யாராவது எடுத்தால் உரியவருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போக வேண்டும் என்பதும் அதே சமயத்தில் வந்ததுதான். மாதம் ஒருமுறைக்குப் பதில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விவரங்களைப் புதுப்பிக்கும் முறை 2025 ஜனவரியில் தொடங்கியது.

மதிப்பெண்ணை எதற்கெல்லாம் பார்க்கலாம் என்பதில் இன்னும் தகராறு ஓயவில்லை. மாணவரின் குறைந்த மதிப்பெண்ணைக் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. கடன் பாக்கிப் பதிவைக் காரணம் காட்டி ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்ப்பதா என்று அதே ஆண்டில் தமிழ்நாட்டு விவசாயிகள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். முதன்முறை கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்.