சி.ஆர்.பி.யில் உள்ள அந்த ‘சி’



கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழகிப்போன மூன்று எழுத்துகள் சி.ஆர்.பி. “சி.ஆர்.பி. எவ்வளவு வந்திருக்கு?” என்று போனில் விசாரித்துக்கொண்டோம். ‘ஆர்’ என்றால் ரியாக்டிவ். ‘பி’ என்றால் புரோட்டீன். அந்த ‘சி’ என்ன? எட்டாம் வகுப்புக்கு நுண்ணுயிரிகள் பாடம் நடத்தியவன் நான். ஓய்வில் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். பதிவு சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை 1884-இல் பெர்லினில் தொடங்குகிறது. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற 30 வயது டென்மார்க் மருத்துவர், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். திசுவுக்குள் பாக்டீரியாவைப் பிரித்துக் காண்பது கடினமாக இருந்தது. ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் கரைசல் விட்டு, ஆல்கஹாலால் கழுவினார். திசுவில் சாயம் போய்விட்டது, பாக்டீரியாவில் நின்றது. சிலவகை பாக்டீரியாவில் மட்டும் நிற்கவில்லை. தம் முறை குறையுள்ளது என்றே அவர் எழுதினார். அந்தக் ‘குறை’தான் பின்னாளில் பாடமாயிற்று. சாயம் நிற்பவை கிராம் பாசிட்டிவ், நிற்காதவை கிராம் நெகட்டிவ்.

அடுத்து 1930, நியூயார்க், ராக்பெல்லர் ஆய்வு நிலையம். வில்லியம் டில்லட், தாமஸ் பிரான்சிஸ் இருவரும் நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ‘சி’ என்று பெயரிட்டார்கள். நோய் முற்றியிருந்தவர்களின் ரத்தநீரில் அதைச் சேர்த்தால் வீழ்படிவு தோன்றியது. நோயாளி தேறியதும் தோன்றவில்லை. ரத்தத்தில் இருந்துகொண்டு அந்த ‘சி’யோடு வினைபுரிந்த புரதம்தான் சி.ஆர்.பி. ஆனால் ‘சி’ எதனால் ஆனது என்பது அப்போது தெரியவில்லை.

மூன்றாவது இடம் இங்கிலாந்தின் நியூகாசில். ஜேம்ஸ் பாடிலி என்ற வேதியியலாளர் கோ-என்சைம் ஏ பற்றி ஆராய்ந்தபோது, ஒரு பாக்டீரியாவில் எதிர்பாராத சிறு மூலக்கூறுகளைக் கண்டார். ஒன்றில் கிளிசரால், இன்னொன்றில் ரிபிட்டால். இவற்றை இந்த உயிர் எதற்காகச் செய்து வைத்திருக்கிறது? தெருவில் செங்கல் குவிந்திருந்தால் பக்கத்தில் எங்கோ வீடு கட்டுகிறார்கள் என்று நாம் ஊகிப்பதில்லையா? அவரும் அப்படித்தான் தேடினார். கட்டடம் செல்சுவரிலேயே இருந்தது. 1958-இல் அவரது குழு அதை அறிவித்தது. சுவர் என்று பொருள்படும் ‘டெய்க்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து டெய்க்காயிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சுவரைத் தறியில் உள்ள துணியாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீண்ட இழைகள் பாவு. அவற்றைக் குறுக்கே பிணைக்கும் சிறு அமினோ அமிலத் தொடர்கள் ஊடு. இதுதான் பெப்டிடோகிளைக்கான். கிராம் நெகட்டிவில் இது மெல்லியது. கிராம் பாசிட்டிவில் பல அடுக்கு. ஆல்கஹால் பட்டதும் இறுகிச் சாயத்தை வெளியே விடாது. அந்த அடுக்குகளின் ஊடே நிற்பவைதான் டெய்க்காயிக் அமில இழைகள். கிளிசராலோ ரிபிட்டாலோ, பாஸ்பேட்டால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட சங்கிலி. சில பாக்டீரியாவில் சுவரின் எடையில் பாதியளவுகூட இதுவே. பாஸ்பேட்டின் எதிர்மின்சுமை மெக்னீசியம் போன்ற அயனிகளைப் பிடித்துவைக்கும்.

1968-இல் பாடிலியே இன்னொன்றையும் காட்டினார். நிமோகாக்கஸின் அந்தப் பழைய ‘சி’யும் ஒரு டெய்க்காயிக் அமிலம்தான்! அதில் கோலின் பாஸ்பேட் இருந்தது. சி.ஆர்.பி. பற்றிக்கொள்வது அதைத்தான். கிராம் நுரையீரலில் தேடியது, டில்லட் குழாயில் கண்டது, பாடிலி செங்கல்லாகக் கண்டுபிடித்தது எல்லாம் ஒரே சுவரில் வந்து சேர்ந்தன. இதற்கு 84 ஆண்டுகள் ஆயின.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? பெயரில் பாக்டீரியா இருப்பதால் சி.ஆர்.பி. கூடினாலே பாக்டீரியாத் தொற்று என்று நினைத்து, கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். சி.ஆர்.பி. நம் கல்லீரல் சுரக்கும் புரதம். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும், முடக்குவாதத்திலும்கூட அது ஏறும். பென்சிலினோ, நான் சொன்ன அந்த ஊடு இழை பிணையாமல் தடுக்கும் மருந்து. வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது. இல்லாத சுவரை எந்த மருந்து இடிக்கும்?

ஆகவே அறிக்கையில் உள்ள எண்ணைப் பார்த்து நாமே மருந்து முடிவு செய்ய வேண்டாம். மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.