சித்தூர், திருப்பதிப் பகுதியில் நாளிதழ்: அச்சகமும் எல்லையும்

ஒரு நாளிதழ் எவ்வூர்க்கு உரியது என்பதை அதன் மொழி மட்டும் உறுதி செய்வதில்லை. அச்சகம் அமைந்த இடமும் ஆட்சி எல்லையும் அதனை உறுதி செய்வதில் பெரும்பங்கு கொள்கின்றன. இதற்குச் சித்தூர், திருப்பதிப் பகுதி தக்க சான்றாகும்.

வட ஆர்க்காடு, கடப்பை ஆகிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. தெலுங்கு, தமிழ் ஆகிய இரு மொழிகளுக்கும் அன்று சென்னையே அச்சு நகரம். காசிநாதுனி நாகேசுவரராவ் 1914இல் நாளிதழாக்கிய ஆந்திர பத்திரிகா, 1934இல் தொடங்கிய தினமணி, 1938இல் தொடங்கிய ஆந்திர பிரபா ஆகியன அங்கேயே வெளிவந்தன.

எல்லைச் சிக்கல் எழுந்தபோது இந்நிலையின் விளைவு வெளிப்பட்டது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. வடக்கெல்லை மீட்புக்காகப் போராடிய ம.பொ. சிவஞானத்தின் செங்கோல் சென்னையிலிருந்து வெளிவந்தது. ஆந்திர மாநிலக் கோரிக்கையை ஆதரித்த தெலுங்கு நாளிதழ்களும் சென்னையிலிருந்தே வெளிவந்தன. வழக்குக்குரிய ஊர் ஒன்று. வழக்காடப்பட்ட ஊர் வேறொன்று. தெற்கெல்லையில் நிலைமை இவ்வாறில்லை. குமரித் தமிழர்க்காக 1951இல் தொடங்கப்பெற்ற தினமலர், திருவனந்தபுரத்திலேயே அச்சாயிற்று என்பது இங்கு ஒப்பிடத்தக்கது.

படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. இதற்கு முந்தைய ஆண்டே ஆந்திர பிரபா சென்னையை விட்டுப் பெயர்ந்திருந்தது. 1960இல் ஆந்திர ஜோதி விசயவாடாவில் தொடங்கிற்று. தெலுங்கு இதழியலின் நடுவிடம் சென்னையினின்று நழுவலாயிற்று.

உள்ளூர்ச் செய்தி உரிய இடம் பெற்றது பின்னரேயாகும். 1974இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கிய ஈநாடு, 1982இல் திருப்பதிப் பதிப்பை வெளியிட்டது. 1989இல் மாவட்ட இணைப்பிதழ்களைக் கொண்டுவந்தது. மாநில அளவில் விளம்பரம் தர இயலாத சிறு வணிகரும் தம் மாவட்டப் பக்கத்தில் மட்டும் விளம்பரம் செய்ய இதனால் வாய்ப்பு ஏற்பட்டது. 1985இல் வட்டங்களுக்கு மாற்றாக உருவான மண்டலங்கள் செய்தி திரட்டுதற்கும் அலகுகளாயின. சிற்றூர்ப் பூசலும் குடிநீர்க் குறையும் அச்சேறின.

மாவட்டப் பக்கம் தந்தது பெரிது. ஆயின் அது ஒரு வேலியையும் இட்டது. நகரியிலும் அதனையடுத்த பள்ளிப்பட்டிலும் விசைத்தறியே வாழ்வு. நூல் விலை ஏறினால் இரண்டு ஊர்களும் ஒருசேரத் துன்புறும். ஆயினும் ஓரூர்ச் செய்தி தெலுங்கில் சித்தூர்ப் பக்கத்திற்கும், மற்றோரூர்ச் செய்தி தமிழில் திருவள்ளூர்ப் பக்கத்திற்கும் உரியதாகிறது. இரு மொழியும் பேசும் நெசவாளி, அடுத்த ஊரின் தறி நின்றதைத் தன் நாளிதழில் காண்பது அரிது. ஊர்ப்பெயர்களிலும் இப்பிரிவு புலப்படும். தமிழில் சித்தூர், புத்தூர் என மெய்யீற்றில் முடிபவை, தெலுங்கு அச்சில் சித்தூரு, புத்தூரு என உகரம் பெறுகின்றன. பேச்சில் இவை கலந்தே வழங்க, அச்சு அவற்றை வேறு பிரித்து நிறுத்துகிறது. பேச்சு வழக்காய்வுக்கு நாளிதழை மட்டும் சான்றாகக் கொள்வோர் இதனை மறத்தல் கூடாது.

2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஒரே இருப்புப்பாதையில் அமைந்த நகரி சித்தூரிலும் புத்தூர் திருப்பதியிலுமாகப் பிரிந்தன. இம்முறை எல்லையின் இருபுறமும் தெலுங்கு நாளிதழே.