அம்பரப்பர் மலை கேட்கும் கேள்வி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஏலமலைக்கு வாயிலாக அமைந்த ஊர் போடிநாயக்கனூர். மலையில் விளையும் ஏலக்காய் இங்கு வந்து ஏலம் போகிறது. இங்குள்ள உழைக்கும் கரங்கள் போடிமெட்டு வழியே மலையேறி அதைப் பறிக்கின்றன. வாணிபத்தால் பெயர் பெற்ற இவ்வூர், இந்நூற்றாண்டில் இயற்பியல் அறிஞர்களின் ஏடுகளிலும் இடம்பெற்றது. ஊருக்கு அருகே, பொட்டிபுரம் கிராமத்தை ஒட்டி நிற்கும் அம்பரப்பர் மலையைக் குடைந்து ஓர் ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டதே அதற்குக் காரணம். அந்தக் குகை இதுவரை தோண்டப்படவில்லை. அது ஏன் என்று ஆராய்ந்தால், அறிவியல் மனித வாழ்வுக்குள் எவ்வழியாக நுழைகிறது, எவ்விடத்தில் தடுக்கப்படுகிறது என்பது நமக்கு விளங்கும்.

நியூட்ரினோ என்பது மின்னேற்றமற்ற, மிக நுண்ணிய துகள். இப்படியொரு துகள் இருக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டில் வொல்ஃப்காங் பவுலி கருதினார். அது உண்மையென 1956-இல் ரைன்ஸ், கோவன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் மெய்ப்பித்தனர். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் சுமார் 6,500 கோடி, நம் கைவிரல் நகத்தளவு இடத்தை ஒவ்வொரு நொடியும் ஊடுருவிச் செல்கின்றன. அவை நம்மைத் தீண்டுவதில்லை. மலையையும் பூமியையும்கூடத் துளைத்துப் போய்விடுகின்றன. விண்ணிலிருந்து பொழியும் பிற துகள்களின் ஆரவாரத்தில் இவற்றை இனம்காண இயலாது. ஆகவே, அப்பிற துகள்களைப் பாறையால் வடிகட்ட வேண்டியுள்ளது. அறிஞர்கள் பூமிக்கடியில் செல்வது இதனால்தான்.

இத்துறையில் நம் நாட்டுக்குப் பெருமைக்குரிய பழமை உண்டு. தமிழ்த் தொழிலாளர் பலர் இறங்கி உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்கள் கருவிகளை நிறுவினர். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்தோர் வரிசையில் 1965-ஆம் ஆண்டு அவர்கள் இடம்பெற்றனர். பின்னர் 1998-இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம், நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுகிறது என்று காட்டியது. அதற்கு நிறை உண்டு என்பது அதனால் உறுதியாயிற்று. இத்துறைக்கு 2015-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கோலார் சுரங்கமோ 2001-இல் மூடப்பட்டுவிட்டது. விட்ட இழையை மீண்டும் பற்றும் விருப்பமே இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டமாக உருவெடுத்தது.

முதலில் நீலகிரியிலுள்ள சிங்காரா தேர்ந்தெடுக்கப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-இல் அவ்விடம் மறுக்கப்பட்டது. அடுத்துப் பொட்டிபுரம் தேர்வாயிற்று. மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை, அதன் முடிவில் குகை, அக்குகையில் 50,000 டன் இரும்பாலான காந்தக் கருவி என்பது திட்டம். 2015 ஜனவரியில் நடுவண் அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது.

ஆனால் அடிவாரக் கிராமங்களில் அச்சம் பரவியது. அணுக்கழிவைப் புதைக்கவே மலையைக் குடைகிறார்கள் என்றனர் சிலர். பாறையை வெடி வைத்துப் பிளந்தால் அணைகளுக்குக் கேடு வரும் என்றனர் வேறு சிலர். மேய்ச்சல் நிலம் போய்விடும், நீர் குறையும் என்று உழவர்கள் கவலைப்பட்டனர். வழக்குகள் எழுந்தன. 2015-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணிகளுக்குத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு மார்ச்சில் மீண்டும் அனுமதி கிடைத்தது. 2021-இல் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. போடி மலை புலிகளின் வழித்தடம் என்பதால் திட்டத்தை ஏற்க இயலாது என்று 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இவற்றுள் உண்மையான கேள்விகள் எவை, வீண் அச்சங்கள் எவை? நியூட்ரினோவால் எவருக்கும் தீங்கில்லை. அணுக்கழிவு என்பது வதந்தியே. ஆயினும் வெடியும், லாரிகளும், வெட்டியெடுக்கப்படும் லட்சக்கணக்கான டன் பாறையும், காட்டு விலங்குகளின் பாதையும் உண்மையான கேள்விகள். மக்கள் மனத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்தன. இக்கலப்பை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. உளவியல் அவ்வாறு ஒதுக்கவில்லை.

மனிதர் தாமே விரும்பி ஏற்கும் ஆபத்தை, பிறர் சுமத்தும் ஆபத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வரை பொறுத்துக்கொள்கின்றனர் என்று 1969-இல் சான்சி ஸ்டார் என்பவர் எழுதினார். கண்ணுக்குப் புலப்படாததும், புதியதும், தம் கட்டுப்பாட்டில் இல்லாததுமான ஒன்றையே மக்கள் மிகுதியாக அஞ்சுகின்றனர் என்று 1987-இல் பால் ஸ்லோவிக் விளக்கினார். ஏலமலைப் பாதையிலேயே இதற்குச் சான்று காணலாம். ஆள் நெருக்கி ஏற்றிய ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதும், தோட்டத்தில் பூச்சிமருந்துக் காற்றைச் சுவாசிப்பதும் பழகிய ஆபத்துகள். அவை அன்றாடக் கூலியோடு பிணைந்தவை. நியூட்ரினோவோ எவரும் கேளாமல் வந்தது.

ஸ்லோவிக் சொன்ன மற்றொன்று நம் சிந்தனைக்கு மேலும் உரியது. வல்லுநர் ஆபத்தை எண்ணிக்கையால் அளக்கின்றனர். பொதுமக்களோ, இது நீதியா, எங்களைக் கேட்டார்களா, சொல்பவரை நம்பலாமா என்பவற்றையும் சேர்த்தே அளக்கின்றனர். அந்த அளவுகோலை மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. நம்பிக்கையோ மெல்ல வளர்வது, நொடியில் உடைவது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து 2011 முதல் இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் மீனவ மக்கள் திரண்டிருந்ததைத் தமிழகம் கண்டிருந்தது. அதே அணுசக்தித் துறை ஆதரிக்கும் திட்டம் மலையடிவாரத்துக்கு வந்தபோது ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

கத்தோலிக்கர்களாகிய நாம் இதில் இரு பக்கமும் கற்க வேண்டியவர்கள். 1633-இல் கலிலேயோவுக்கு எதிராக வழங்கிய தீர்ப்பின் சுமையைத் திருச்சபை நெடுங்காலம் தாங்கியது. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அன்றைய இறையியலாரின் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். படைப்புக்கு உரிய விதிகளை அறிவியல் தன் வழியில் தேடுவது முறையே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் போதித்தது. ஆகவே, ஆராய்ச்சியை அஞ்சுவது நம் விசுவாசத்துக்கு அழகன்று. மறுபுறம், சுற்றுச்சூழல் விளைவைத் திட்டம் தீட்டிய பின்னர் ஆராய்வது தகாது என்றும், அவ்விடத்து மக்களுக்கு உரையாடலில் சிறப்பிடம் வேண்டும் என்றும் 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில் வற்புறுத்தினார். உண்மையைத் தேடும் உரிமையும், ஏழையின் சொல்லைக் கேட்கும் கடமையும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல.

இதற்கிடையே காலம் நிற்கவில்லை. நியூட்ரினோக்களின் நிறைவரிசையை அறிவது பொட்டிபுரம் கருவியின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. அதே நோக்கத்தோடு சீனாவின் நிலத்தடி ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. மதுரையில் அமைக்கப்பட்ட 85 டன் மாதிரிக் கருவியே நம் கையில் உள்ளது. போடியின் பிள்ளைகள் தம் ஊரிலேயே காணக்கூடியதாயிருந்த அறிவு வேறொரு நாட்டில் வளர்கிறது. இது சிறிய இழப்பன்று. காடு காக்கப்பட்டதும் சிறிய பேறன்று. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து, மக்களோடு அமர்ந்து நிறுக்கும் வாய்ப்பு உரிய காலத்தில் அமையாமற் போனதே வருத்தத்துக்குரியது.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று இயேசு உவமையாய்ச் சொன்னார். 1,500 கோடி கணக்கிடப்பட்டது. இரும்பும் பாறையும் கணக்கிடப்பட்டன. அடிவாரத்து மக்களின் நம்பிக்கையும் அக்கணக்கின் முதல் வரியில் இடம்பெற வேண்டியதே. நம் பள்ளிகளில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியரும், பங்கு மன்றங்களில் கூடும் பெரியோரும், நாளை வரவிருக்கும் ஏதேனும் ஒரு திட்டத்தைக் குறித்து ஊராரோடு பேச அழைக்கப்படலாம். அன்று உண்மையைக் குறைக்காமலும், கேட்பவரை இகழாமலும் பேச நாம் இன்றே பழகுவோமா?